கிழங்குக்குக் காய்ச்சல், விதைக்குப் பாய்ச்சல்: காய் ஓய்ந்த தோட்டத்தில் களை

மழை முடிந்து கார்த்திகை, மார்கழியில் நட்ட கத்தரி, தக்காளி, அவரை எல்லாம் பங்குனி வாக்கில் ஓய்ந்துவிடும். வெண்டை முற்றிக் கட்டையாகும். வெயிலும் ஏறிவிட, பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு ‘ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடுவோம். ஆடியில் கதவைத் திறந்தால் இடுப்புயரக் காடு நிற்கும். ஆளைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, வெட்டிச் சாய்த்து விதைப்போம். பதினைந்தே நாளில் விதைத்ததைத் தேட வேண்டியிருக்கும்.

பூர்வீக வீட்டைத் திறந்து, பின்னால் இருக்கும் இரண்டு மூன்று சென்ட்டில் காய்கறி போட ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். களையெடுப்பு என்றால் செடி வளரும்போது செய்கிற வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் வேலை, செடியே இல்லாத இந்த மூன்று நான்கு மாதத்தில்தான் இருக்கிறது. அதற்கு நம் பக்கத்து வெயில் பெரிய துணை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் செம்மண்ணும் செஞ்சரளையும்தான். சித்திரையில் அந்த மண் சட்டியாகக் காய்கிறது. அந்தச் சூட்டை வீணாக்கக் கூடாது.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் (காயப்போடுவதும் தண்ணீர் விடுவதும்) வேண்டும் என்பார்கள். களைக்கும் அதே இரண்டுதான். எதற்கு எது என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

முதல் வேலை: விதைத் தலையை அறுத்துவிடுங்கள்

கடைசிக் காய் பறித்த கையோடு செய்ய வேண்டியது இது. மம்பட்டியைத் தொடாதீர்கள். ஒரு அரிவாளும் காலி உரச்சாக்கும் போதும். பூத்து, காய்த்து நிற்கிற களைகளின் தலையை மட்டும் அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டே வாருங்கள். பண்ணைக்கீரையின் வெள்ளையும் ரோஜா நிறமுமான கதிரைத் தட்டிப் பாருங்கள். மினுமினுவென்று கறுப்பு விதை கொட்டும். குப்பைக்கீரையும் அப்படித்தான். செடியைப் பிடுங்கி உதறுகிறேன் என்று இறங்கினால் விதைப்புப் போலவே ஆகிவிடும்.

இதைக் காலையில் பனி ஈரம் இருக்கும்போது செய்வது நல்லது. காய்ந்த நேரத்தில் கை பட்டாலே கதிர் வெடித்துச் சிதறும், ஈரத்தில் அவ்வளவு உதிராது. நெருஞ்சி இருந்தால் அதன் முள்காய் தரையில் கிடப்பதையும் பொறுக்க வேண்டும். நான் பழைய சாக்கைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் போட்டு அமுக்கி எடுப்பேன், முள் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

பார்த்தீனியம் தனிக் கதை. கேரட் இலை மாதிரி இலை, வெள்ளை வெள்ளையாகச் சிறு பூ. 1950களில் வெளிநாட்டுக் கோதுமையோடு வந்ததாகச் சொல்லப்படும் செடி, இன்று நம் கண்மாய்க் கரை வரை நிற்கிறது. ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். தோல் அரிப்பு, மூச்சிரைப்பு உள்ளவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களும் கையுறை போட்டு, முழுக்கைச் சட்டையோடு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். மேலாக அறுத்தால் அடியிலிருந்து மறுபடி தழையும். கத்தரியையும் பப்பாளியையும் தாக்கும் மாவுப்பூச்சி, தோட்டத்தில் காய் இல்லாத நாட்களில் தங்கியிருப்பதும் இதில்தான்.

அடுத்து: வேரைப் பாருங்கள்

செடியின் பேரெல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்து அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் வேர் என்றால் அது விதையால் வருகிற களை: சாரணை, குப்பைமேனி, நாய்வேளை, அம்மான் பச்சரிசி, பருப்புக்கீரை, காக்காப்புல். சிறு கிழங்கு தொங்கினால் கோரை. தரையோடு கயிறு மாதிரி ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தால் அருகு. இந்த மூன்றே பிரிவு போதும்.

கோரையைப் புல் என்று ஏமாறுகிறவர்கள் அதிகம். பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல் உருளும், கோரைக்கு மூன்று பட்டை, விரலில் தட்டும்.

அடையாளம் தெரியாத செடி ஏதாவது இருந்தால் ஒன்றை வேரோடு எடுத்துக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, செட்டிநாட்டில் இருக்கும் மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய்க் கேட்கலாம். போட்டோவை விடச் செடியாகக் கொண்டுபோவது மேல்.

இந்தக் கணக்கெடுப்பில் பாதிச் செடி அடுப்படிக்குப் போகிற செடி என்றும் தெரியவரும். குப்பைக்கீரை, பண்ணைக்கீரைக் கொழுந்து, பருப்புக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் என் அப்பத்தா காலத்தில் காசு கொடுத்து வாங்காத கீரைகள். ஆனால் பெயர் உறுதியாகத் தெரியாததைச் சமைக்கக் கூடாது.

காய்ச்சல்: கோரையும் அருகும்

எல்லாவற்றிலும் கடினமான வேலை இது, ஆகவே விரிவாகச் சொல்கிறேன். நான் இதில்தான் தலைகுப்புற விழுந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் சித்திரைக் கடைசியில் நல்ல கோடை மழை. மண் பதமாக இருக்கிறதே என்று மறுநாளே பவர் டில்லரை வரவழைத்து ஐந்து சென்ட்டையும் புழுதியாக ஓட்டினேன். பார்க்க மெத்தை மாதிரி இருந்தது. அடுத்த வாரம் இன்னொரு மழை. மூன்றாம் வாரம் தோட்டம் முழுக்கப் பச்சை ஊசி நட்டது போல் கோரை. முன்பு கிணற்றடியில் மட்டும் இருந்தது. வழக்கமாகக் களையெடுக்க வரும் அக்கா வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: “என்னண்ணே, கோரையை நாத்துவிட்டுப் பரப்பி நட்டு வச்சிருக்கீக?”

நடந்தது இதுதான். கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் மணி கோத்தது போல் ஒரே சரடில் இருக்கும். சரடு அறாமல் இருக்கும் வரை மேலே உள்ள ஒன்று முளைத்தால் மற்றவை பெரும்பாலும் தூங்கும். சரட்டைத் துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். அதுவும் ஈரத்தில் வெட்டிப் பரப்பினால் கேட்கவே வேண்டாம். அதே வேலையைக் காய்ந்த மண்ணில், மழைக்கு வாய்ப்பில்லாத நாளில் செய்திருந்தால் கிழங்கெல்லாம் மேலே வந்து சுண்டியிருக்கும். “சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்” என்று சொன்னவர்கள் புழுதியைத்தான் சொன்னார்கள். சேற்றை அல்ல.

ஆகவே முறை இப்படி. பங்குனிக் கடைசியிலேயே, கோரை இருக்கும் இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், இலை காய்ந்துபோனால் இடம் தெரியாது. செம்மண் இறுகிக் கிடந்தால் முதல்நாள் சாயங்காலம் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு மறுநாள் காலையில் இறங்குங்கள். மம்பட்டியால் கொத்தாதீர்கள், கிழங்கு வெட்டுப்படும். கடப்பாரையை ஓரமாக இறக்கி நெம்பி, கட்டியாகப் பெயர்த்துப் புரட்டிப் போடுங்கள். கிழங்கில் பெரும்பகுதி மேல் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். எரு போட்டுப் போட்டு மண் பொலபொலப்பான பழைய பாத்தி என்றால் இன்னும் கீழே போகும்.

கையில் அகப்பட்ட கிழங்கைப் பொறுக்கிவிட்டு, மண்கட்டியை உடைக்காமல் ஒரு வாரம் அப்படியே வெயிலில் விடுங்கள். பிறகு கட்டியை மம்பட்டிக் காம்பால் தட்டி உடைத்து இரண்டாம் முறை பொறுக்குங்கள். இன்னொரு வாரம் காயட்டும். இந்த இரண்டு வாரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் அந்த இடத்தில் படக் கூடாது. பக்கத்து வாழைக்குப் பாய்ச்சிய தண்ணீர் கசிந்து வந்தாலும் கெட்டது.

பொறுக்கிய கிழங்கை மண்தரையில் குவிக்க வேண்டாம். சிமெண்டுத் தளத்திலோ மொட்டை மாடியிலோ பரப்பிக் காயவிடுங்கள். செத்ததா என்று பார்க்க ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே வெள்ளையாக, வாசனையோடு இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகச் சுருங்கி, சுள்ளென்று உடைந்தால் தீர்ந்தது. (குளியல் பொடியில் அரைத்துச் சேர்க்கிற கோரைக்கிழங்கு இதுதான். எங்கள் வீட்டு ஆச்சி ஒருவர், வற்றல் காயும் தளத்தில் கோரையைப் பரப்பியதற்கு என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, காய்ந்ததும் ஒரு படி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.)

ஒரே தடவையில் ஒழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். விட்டுப்போன கிழங்கு முளைக்கும். முளைத்து மூன்று வாரத்துக்குள் அதைக் கிள்ளவோ நெம்பவோ செய்துவிட வேண்டும், அதற்குள் புதுக்கிழங்கு கட்டியிருக்காது. பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு நடை நடந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் கிழங்கில் இருக்கும் சத்து முளைக்கு முளை குறையும். என் கிணற்றடியில் இது இரண்டு கோடை எடுத்தது. இன்னும் நாலைந்து முளை வரத்தான் செய்கிறது.

கோரைக்குப் பிடிக்காத இன்னொன்று நிழல். அது பலமாக இருக்கும் பாத்தியில் ஆடியில் வெங்காயமோ கீரையோ போடாதீர்கள். பரங்கி, பூசணி மாதிரி தரையை மூடும் கொடியை ஓட விடுங்கள்.

அருகுக்கும் இதே காய்ச்சல்தான், கொஞ்சம் எளிது. கொடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு வேர் விட்ட இடமெல்லாம் கடப்பாரையால் தளர்த்தித் தளர்த்தி, கயிறு சுருட்டுவது போல் சுருட்டிக்கொண்டே வர வேண்டும். அறுந்துபோன ஒரு கணு போதும், திரும்ப ஓடும். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு அருகம்புல்லைத் திட்ட எனக்கும் மனசில்லை. நடைபாதை ஓரத்தில் ஒரு திட்டு விட்டு வைத்திருக்கிறேன், பாத்திக்குள் மட்டும் அனுமதி இல்லை.

பழைய செடியை எடுப்பது

ஓய்ந்த கத்தரி, தக்காளி, வெண்டையைக் காய்ச்சலுக்கு முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது வேரைக் கழுவிப் பாருங்கள். முண்டும் முடிச்சுமாக இருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழுவின் வேலை. அந்தப் பாத்தியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. அந்த வேரை உரக்குழியில் போட வேண்டாம்.

பாய்ச்சல்: விதையை ஏமாற்றி முளைக்க வைப்பது

கிழங்கு காய்ந்த பிறகுதான் இது. வரிசையை மாற்றினால் நான் பட்டதை நீங்களும் படுவீர்கள்.

சித்திரைப் பாதியில் பாத்தியைச் சமன் செய்து, விதைப்புக்குத் தயார் செய்வது போலவே ஆக்குங்கள். விதை மட்டும் போட வேண்டாம். நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் பாசிப்பயறு முளை கட்டினது போல் பாத்தி பூராவும் களை முளைத்து நிற்கும். பயப்பட வேண்டாம், இது நாம் கூப்பிட்டு வந்த கூட்டம். இரண்டு மூன்று இலை விட்டதும், வெயில் ஏறிய நேரத்தில், களைக்கொத்தியால் மேலாகச் சுரண்டுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பிடுங்கி அள்ள வேண்டியதும் இல்லை, வேர் மேலே தெரியக் கிடந்தால் மத்தியானத்துக்குள் வதங்கிவிடும். சாரணையும் பருப்புக்கீரையும் மட்டும் விதிவிலக்கு. சதைப்பற்றுள்ள செடிகள், கிடந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும். அவற்றைப் பொறுக்கி வெளியே போடுங்கள்.

நாலைந்து நாள் காயவிட்டு மறுபடி தண்ணீர், மறுபடி முளைப்பு, மறுபடி சுரண்டல். இரண்டு சுற்று கட்டாயம், மூன்று முடிந்தால் நல்லது. நடுவில் கோடை மழை வந்தால் ஒரு பாய்ச்சல் மிச்சம். ஏன் ஆழமாகக் கொத்தக் கூடாது என்றால், மேலே உள்ள விதைதான் முளைக்கும், ஆழத்தில் கிடப்பது வெளிச்சம் இல்லாமல் வருடக்கணக்கில் தூங்கும். கொத்திப் புரட்டினால் அதைத் தட்டி எழுப்பி மேலே கொண்டுவந்ததாகும். இந்தக் கட்டத்துக்குப் பிறகு ஆடி வரைக்கும் மம்பட்டி ஆழமாக இறங்கவே கூடாது.

தாள் விரிப்பது: கீரைப் பாத்திக்கு மட்டும்

இரண்டாம் சுற்றுக்குப் பதிலாக, ஈரமான பாத்தியின் மேல் கண்ணாடி மாதிரி தெளிவான பாலிதீன் தாளை இழுத்து விரித்து, ஓரம் முழுக்க மண் போட்டு மூடி, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடலாம். கறுப்புத் தாளை விட இதில்தான் மண் அதிகம் சுடும். வெயில் உள்ளே போக வேண்டும், சூடு வெளியே வரக் கூடாது. 25 முதல் 50 மைக்ரான் கனம் போதும். மேல்மண்ணில் இருக்கும் கீரை வகைக் களை விதைகள் வெந்துபோகும். கோரைக்கிழங்கை இது கொல்லாது.

தோட்டம் முழுக்கச் செய்யத் தேவையில்லை, காசும் பிடிக்கும். நாற்றங்காலுக்கும் சிறுகீரை, அரைக்கீரை போடும் பாத்திக்கும் மட்டும் செய்யுங்கள். முளைத்த புதிதில் சிறுகீரையையும் குப்பைக்கீரையையும் பிரித்து அறிவது பழகிய கண்ணுக்கே சிரமம். ஒரு எச்சரிக்கை: மயில் வரும் ஊர் என்றால் தாளின் மேல் முள்கொப்பைப் போட்டு வையுங்கள். நடந்தே கிழித்துவிடும்.

நிலத்தைச் சும்மா விடாமல் மூடுவது

வைகாசி முதல் வாரத்தில், பசுந்தாள் உரச் செடியான சணப்பை விதையுங்கள். சென்ட்டுக்கு 200 கிராம் என்று நெருக்கித் தூவினால் களைக்கு வெளிச்சமே கிடைக்காது. 40, 45 நாளில் பூவெடுக்கும்போது, காய் பிடிக்கும் முன், அறுத்து அதே பாத்தியில் பரப்பி மேல்மண்ணோடு லேசாக மூடுங்கள். மக்குவதற்கு இரண்டு வாரம் கொடுத்தால் சரியாக ஆடிக்கு வந்து நிற்கும். முன்னே வேர்முடிச்சு பார்த்துக் குறித்துவைத்த பாத்திக்கு அவசியம் சணப்புதான். நூற்புழுவை அது அடக்கும். அங்கே தட்டைப்பயறு வேண்டாம், புழுவுக்குச் சாப்பாடு போட்டது போலாகிவிடும். நூற்புழு இல்லாத பாத்தியில் தட்டைப்பயறு தாராளமாகப் போடலாம், காயும் கிடைக்கும்.

கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் மூடாக்குதான் வழி. வேப்பஞ்சருகு, தென்னந்தோகை, நிலக்கடலைத் தோல், வைக்கோல் எது கிடைக்கிறதோ அது, நான்கு விரல் கனத்துக்குக் குறையாமல். வைக்கோலை உதறிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் நெல் முளைக்கும். நம் செம்மண்ணில் கரையான் உண்டு. ஆகவே நாற்று நட்ட பின் தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டே மூடாக்கு இருக்கட்டும்.

பிடுங்கியதை எங்கே போடுவது

விதை பிடிக்காத பச்சைக் களை நல்ல உரம். சாணத்தோடு அடுக்கி, ஈரம் காயாமல் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். நடுவில் கை வைத்தால் சுட வேண்டும். சூடு வராத குவியலில் விதை சாகாது. முதல் நாள் சாக்கில் கட்டிய விதைத் தலைகளை இதில் சேர்க்கவே கூடாது. சாக்கை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் இரண்டு மாதம் அமுக்கி வைத்து அழுகவிட்டு, பிறகு தனிக்குழியில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். காய்ந்த பார்த்தீனியத்தைக் கொளுத்த வேண்டாம், புகையை நாம்தான் மூச்சில் வாங்குவோம்.

களை வெளியிலிருந்து வரும் பெரிய வாசல் எரு. “ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்” என்பார்கள். மாட்டெரு மெதுவாகத்தான் பலன் தரும் என்பது அதன் பொருள். நான் இன்னொன்றும் சேர்த்துக்கொள்வேன்: மறுவருஷம் வரை மக்காத மாட்டெரு தோட்டத்துக்குள் வரவேண்டாம். பச்சைச் சாணத்திலும் ஆட்டுப் புழுக்கையிலும் செரிக்காத விதை நிறைய இருக்கும். சீமைக்கருவேல் ஊர் ஊராகப் பரவியதில் ஆட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பாத்தியில் அதன் கன்று தெரிந்தால் ஒரு சாண் உயரத்திலேயே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு இழுத்துவிடுங்கள். வளர்ந்தபின் வெட்டினால் அது தழைந்துகொண்டே இருக்கும்.

உப்பு, வினிகர், மருந்து

கல்லுப்பைக் கரைத்து ஊற்று என்று செல்போனில் வரும் யோசனை, பாத்திக்கு வேண்டவே வேண்டாம். களை போகும்; உப்பு மண்ணிலேயே தங்கும்; அடுத்து வெண்டையும் வராது. வினிகர் இலையைக் கருக்கும், கிழங்கைத் தொடாது. களைக்கொல்லியைப் பொறுத்தவரை, கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவு போட்டது. வீட்டுத் தோட்டக்காரர் கைக்கு வரவேண்டிய பொருள் அல்ல அது. வயலில் 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இரவல் வாங்கித் தக்காளிக்கு வேறெதையும் அடித்துவிடாதீர்கள். மிச்சம் ஒட்டியிருந்தாலே இலை முறுக்கிக்கொள்ளும்.

ஓரமும் வாய்க்காலும்

பாத்தி சுத்தமாக இருந்து வேலியோரம் காடாக இருந்தால் பலனில்லை. சுற்றி மூன்றடி அகலத்துக்கு எதையும் பூக்க விடாதீர்கள், பூக்கும் முன் அறுத்தால் போதும். துணி துவைக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்கால்தான் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் கோரைக்குத் தாய்வீடு. அதைச் சிமெண்டோ செங்கல்லோ போட்டு ஒழுங்கு செய்யுங்கள், அல்லது அந்தத் தண்ணீரை நேராக வாழைக்குத் திருப்புங்கள்.

ஆடியில்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கும்போது நிலத்தை மறுபடி உழவோ ஆழமாகக் கொத்தவோ வேண்டாம். விதைக்கும் கோட்டை மட்டும் கீறி, கோட்டில் விதை போட்டு மூடுங்கள். கீரையைக்கூடத் தூவாமல் கோடு போட்டு விதையுங்கள். கயிறு கட்டிக் கோடு போட்டுவிட்டால் கோட்டுக்கு வெளியே முளைக்கிறது எதுவும் நாம் போட்டதல்ல, யோசிக்காமல் சுரண்டலாம்.

பதினைந்தாம் நாள் ஒரு கைக்களை, முப்பதாம் நாள் ஒன்று. இந்த இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். அதற்குப் பிறகு செடி தழைத்துத் தானே நிழல் கட்டிக்கொள்ளும். போன ஆடியில் எங்கள் கத்தரிப் பாத்திக்கு முப்பதாம் நாள் களையெடுக்க அந்த அக்கா வந்தார். காலை ஒன்பது மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. “அரைநாள் கூலிதானா அண்ணே?” என்று சிரித்தார். முழுநாள் கூலியே கொடுத்து, மிச்ச நேரத்துக்குக் கிணற்றடியில் கோரை பொறுக்கச் சொன்னேன்.